சிம் பூட்டுக் குறியீட்டு நிரல்கள்: முதலில் இணையத்தைத் துண்டித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள்

பட்டர்வொர்த்திலிருந்து தம்பி ஒருவர் கேட்டிருப்பது இது. மாமா இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்த நோக்கியா 6610 ஒன்று அவர் வீட்டில் இருக்கிறது. அங்கே ஆரஞ்ச் நிறுவனத்திடம் வாங்கியது. இங்கே அகண்ட அலைவரிசைத் திட்டத்தோடு கொடுத்த ஹுவாவெய் இ1550 மோடம் ஒன்றும், அக்கா அமெரிக்காவிலிருந்து அனுப்பிய ஐபோன் ஒன்றும் கிடக்கின்றன. மூன்றுமே வேறு நிறுவனத்தின் சிம் அட்டையைப் போட்டால் ஏற்க மறுக்கின்றன. இணையம் இல்லாமலே பூட்டுக் குறியீட்டைக் கணக்கிட்டுத் தரும் நிரல் ஒன்றைக் கணினியில் இறக்கி வைத்திருக்கிறார். "மூன்றுக்கும் இந்த ஒரே நிரல் போதுமா? நம்பி ஓட்டலாமா அண்ணா?" என்பது கேள்வி.

சுருக்கமான பதில்: நோக்கியாவுக்கு முடியும். மோடத்துக்கும் முடியும், ஆனால் திறந்த பிறகு அதனால் பெரிய பயன் இருக்காது. ஐபோனுக்கு எந்த நிரலாலும் முடியாது. மூன்றையும் திறப்பேன் என்று சொல்லிக்கொள்ளும் நிரல் எதுவாக இருந்தாலும் அதை அழித்துவிடுங்கள். பினாங்கில் கைப்பேசி பழுதுபார்க்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் இதன் காரணத்தை விரிவாகச் சொல்கிறேன். காரணம் தெரிந்துவிட்டால் நாளைக்கு வேறொரு கருவி கைக்கு வரும்போது நீங்களே முடிவு செய்துகொள்வீர்கள்.

முதலில், உங்களிடம் இருப்பது சிம் பூட்டுதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். கடைக்கு வருபவர்களில் பலர் எல்லாப் பூட்டையும் ஒரே பெயரில்தான் சொல்கிறார்கள். திரையைத் திறக்கக் கேட்கும் எண் வேறு. சிம் அட்டை கேட்கும் 8 இலக்க பியுகே எண் வேறு. அது சிம் கொடுத்த நிறுவனத்திடம் மட்டுமே கிடைக்கும். 10 முறை தவறினால் அட்டையே செத்துவிடும். ஆண்ட்ராய்டை அழித்து மீட்டமைத்த பிறகு பழைய கூகுள் கணக்கைக் கேட்பதும், ஐபோன் பழைய ஆப்பிள் கணக்கைக் கேட்பதும் திருட்டைத் தடுக்க வந்த பாதுகாப்புகள். இவை எதற்கும் இந்த நிரல்களுக்கும் தொடர்பே இல்லை. வேறு நிறுவனத்தின் சிம்மைப் போட்டதும் "இந்தச் சிம் செல்லாது" என்றோ "நெட்வொர்க் குறியீட்டை உள்ளிடுக" என்றோ திரையில் வந்தால் மட்டுமே அது சிம் பூட்டு.

அந்தப் பூட்டு வேலை செய்யும் விதம் எளிது. ஒவ்வொரு சிம் அட்டையிலும் ஒரு சந்தாதாரர் எண் இருக்கிறது. அதன் முதல் 3 இலக்கங்கள் நாட்டைக் குறிக்கும், அடுத்த 2 அல்லது 3 இலக்கங்கள் நிறுவனத்தைக் குறிக்கும். மலேசியாவுக்கு 502. அதன்பின் மெக்சிஸுக்கு 12, டிஜிக்கு 16, யூ மொபைலுக்கு 18, செல்கொமுக்கு 19. உங்கள் மாமாவின் கைப்பேசியோ 234 33 என்று தொடங்கும் அட்டையைத் தேடுகிறது. 234 பிரிட்டன், 33 அந்நாட்டு ஆரஞ்ச். வேறு எண் கொண்ட அட்டையைக் கண்டால் அழைப்புக்கு விடாது. சரியான திறப்புக் குறியீட்டைக் கொடுத்தால் இந்தச் சோதனையைக் கைவிட்டுவிடும். அவ்வளவுதான்.

அந்தக் குறியீடு எங்கிருந்து வருகிறது என்பதில்தான் விஷயம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

பழைய கருவிகளில் தயாரிப்பாளர்கள் ஒரு சூத்திரத்தை வைத்திருந்தார்கள். ஒவ்வொரு கைப்பேசிக்கும் தனித்தனியாக உள்ள 15 இலக்க அடையாள எண்ணான ஐஎம்இஐயை அந்தச் சூத்திரத்தில் போட்டால் குறியீடு வரும். கைப்பேசிக்குள்ளும் அதே கணக்கு நடக்கும், இரண்டும் பொருந்தினால் பூட்டு திறக்கும். ஒவ்வொரு கருவிக்கும் தனி எண்ணைச் சேமித்துப் பாதுகாக்கும் வேலை இதனால் மிச்சமாயிற்று. ஆனால் இது வீட்டு எண்ணைப் பார்த்தே அந்த வீட்டுக்குச் சாவி வெட்டிவிடும் முறை. வெட்டும் முறை வெளியே கசிந்த அன்றைக்கே தெருவில் உள்ள எல்லா வீடும் திறந்துவிடும். அப்படித்தான் நடந்தது. கைப்பேசி மென்பொருளைப் பிரித்து ஆராய்ந்தவர்கள் சூத்திரங்களைக் கண்டுபிடித்தார்கள். அவற்றைச் சிறு நிரல்களாக எழுதிப் பரப்பினார்கள். இணையம் தேவையில்லாத கால்குலேட்டர்கள் என்று நாம் சொல்வது இவற்றைத்தான்.

நோக்கியாவில் டிசிடி3 என்று அழைக்கப்பட்ட தலைமுறை (3210, 3310 போன்றவை), அதற்கு அடுத்து வந்த டிசிடி4 தலைமுறை (6610, 1100 போன்றவை) இரண்டுக்கும் இத்தகைய கால்குலேட்டர்கள் உண்டு. அல்கடெல் கைப்பேசிகள் பலவற்றுக்கு ஐஎம்இஐயோடு பேட்டரிக்கு அடியில் அச்சிட்டிருக்கும் தயாரிப்பு எண்ணையும் கொடுத்தால் குறியீடு வந்துவிடும். ஹுவாவெய் மோடங்களின் முதல் சூத்திரம் இன்று யாரும் படிக்கக்கூடிய நிலையில் இருக்கிறது. 15 இலக்க ஐஎம்இஐயின் பின்னால் ஒரு மாறாத எழுத்துச் சரத்தை ஒட்டி, எம்டி5 என்ற சுருக்கக் கணக்கில் போடுகிறார்கள். 16 பைட் விடை கிடைக்கிறது. அதை நான்கு நான்காகப் பிரித்து ஒன்றின்மேல் ஒன்றாக மடித்து 4 பைட்டாக்கி, மேல்பகுதிப் பிட்டுகளை ஒரே நிலையில் நிறுத்திவிடுகிறார்கள். அப்படி நிறுத்துவதால் விடை எப்போதும் 33554432க்கும் 67108863க்கும் இடையில்தான் விழும். உங்கள் இ1550 இந்த முதல் சூத்திர வகையைச் சேர்ந்தது. ஆகவே அதற்கு ஒரு நிரல் 1இலோ 9இலோ தொடங்கும் எண்ணைக் கொடுத்தால் அந்த நிரலை அப்போதே மூடிவிடலாம். பின்னால் வந்த ஹுவாவெய் மோடங்களில் வேறு சூத்திரங்கள் இருப்பதால் அவற்றுக்கு இந்த எல்லை பொருந்தாது.

பிறகு தயாரிப்பாளர்கள் விழித்துக்கொண்டார்கள். நோக்கியா 2004இல் 6630 கைப்பேசியோடு பிபி5 என்ற புதிய அமைப்புக்கு மாறியது. ஐஎம்இஐயை மட்டும் வைத்துக் குறியீட்டைக் கணக்கிடும் வழி அங்கே அடைபட்டது. 2009 வாக்கில் வந்த எஸ்எல்3 பூட்டில் கைப்பேசிக்குள் இருந்தது குறியீட்டின் சுருக்கக் கணக்கு விடை மட்டுமே. அதிலிருந்து பின்னோக்கிப் போய்க் குறியீட்டைக் கண்டுபிடிக்கச் சூத்திரம் கிடையாது. அப்போதும் சிலர் விடவில்லை. கேபிள் வழியே அந்த விடையைப் படித்து எடுத்து, கணினியின் வரைகலை அட்டைகளைக் கொண்டு சாத்தியமான எல்லா எண்களையும் ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். 15 இலக்கக் குறியீடு என்றால் மொத்தம் பத்துக் கோடிக் கோடி எண்கள். நொடிக்கு 100 கோடி எண்களைச் சோதிக்கும் அட்டை ஒன்று இருந்தாலும் எல்லாவற்றையும் முடிக்க 10 இலட்சம் நொடிகள், அதாவது 11 நாளுக்கு மேல் இரவு பகலாக ஓட வேண்டும். இதுவும் இணையம் இல்லாமல் செய்யக்கூடியதுதான். ஆனால் பொத்தானைத் தட்டியதும் குறியீடு வரும் கால்குலேட்டருக்கும் இதற்கும் வெகுதூரம்.

சாம்சுங் 2010இல் வெளியிட்ட முதல் கேலக்சி எஸ் கைப்பேசியில் நடந்தது இன்னொரு வகை. அதன் திறப்புக் குறியீடு கருவிக்குள்ளேயே ஒரு கோப்பில் மறையாமல் கிடந்தது. கருவியின் முழு உரிமையையும் பெற்று அந்தக் கோப்பைத் திறந்தால் எண்ணைப் படித்துவிடலாம். கணக்கு எதுவும் இல்லை, வெறும் வாசிப்பு. அடுத்தடுத்த மாதிரிகளில் அந்த ஓட்டையை அடைத்துவிட்டார்கள். இப்போதைய பெரும்பாலான கருவிகளுக்குக் குறியீடு தற்செயல் எண்ணாக உருவாகித் தயாரிப்பாளரின் தரவுத்தளத்தில் இருக்கிறது. கடைக்காரர் "சர்வரில் போட்டு எடுக்கிறேன்" என்று சொல்வது யாரோ ஒருவர் அந்தத் தரவுத்தளத்தை எட்டிப் பார்த்துச் சொல்வதைத்தான். ஐஎம்இஐ உங்கள் கையில் இருக்கலாம். அதற்கும் குறியீட்டுக்கும் கணித உறவே இல்லாதபோது உங்கள் கணினியில் ஓடும் நிரல் எதை வைத்துக் கணக்கிடும்?

ஐபோனில் குறியீடு என்ற ஒன்றே கிடையாது. எந்த ஐபோன் எந்த நிறுவனத்துக்குப் பூட்டப்பட்டது என்ற பதிவு ஆப்பிளின் செயலாக்கச் சர்வரில் இருக்கிறது. விற்ற நிறுவனம் ஆப்பிளுக்குத் தெரிவித்தால் பதிவு மாறும், கைப்பேசி அடுத்த முறை சர்வரோடு பேசும்போது திறந்துகொள்ளும். எண்ணை உள்ளிட ஒரு திரைகூட இல்லாத கருவிக்கு "திறப்புக் குறியீடு உருவாக்கித் தருகிறோம்" என்று பணம் கேட்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் கொதிக்கிறது. அமைப்புகளில் பொதுப் பகுதிக்குள் சென்று "அறிமுகம்" பக்கத்தைப் பாருங்கள். அங்கே நிறுவனப் பூட்டு என்ற வரியில் சிம் கட்டுப்பாடு எதுவும் இல்லை என்று இருந்தால் கருவி ஏற்கெனவே திறந்ததுதான். பழைய ஐபோன் வாங்கும் யாரும் பணத்தை நீட்டுவதற்கு முன் இந்த வரியைப் பார்த்துவிட வேண்டும்.

இனி நீங்கள் இறக்கி வைத்திருக்கும் நிரலுக்கு வருவோம். அதை ஓட்டுவதற்கு முன் சில சோதனைகள் செய்யுங்கள். இவற்றுக்குத் தொழில்நுட்ப அறிவு அதிகம் தேவையில்லை.

கணினியின் இணைய இணைப்பை முற்றாகத் துண்டித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். உண்மையாகவே கணக்கிடும் நிரலுக்கு இணையத்தின் உதவி எதற்கும் வேண்டாம். "சர்வரோடு இணைக்க முடியவில்லை" என்றாலோ, குறியீட்டைக் காட்ட ஒரு கருத்துக்கணிப்பை நிரப்பச் சொன்னாலோ, பதிவு எண் வாங்கச் சொன்னாலோ அது கால்குலேட்டர் இல்லை. பிறகு ஒரே ஐஎம்இஐயை இருமுறை கொடுங்கள். விடை மாறினால் அது ஏதோ ஒரு எண்ணை உருட்டிப் போடுகிறது என்று பொருள். சூத்திரத்துக்கு மனநிலை கிடையாது. இன்று சொன்னதையே நாளையும் சொல்லும். வேறொரு கருவியின் ஐஎம்இஐயைக் கொடுத்தால் விடை மாறவேண்டும். நோக்கியா டிசிடி4 நிரலில் நிறுவனத்தின் எண்ணை மாற்றினாலும் விடை மாறவேண்டும், ஏனென்றால் அந்தச் சூத்திரத்தில் நிறுவன எண்ணும் ஒரு பங்கு.

இன்னொரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. ஐஎம்இஐயின் 15ஆவது இலக்கம் முன்னுள்ள 14 இலக்கங்களிலிருந்து கணக்கிடப்படும் சரிபார்ப்பு இலக்கம். இரண்டாவது, நான்காவது என்று இரட்டைப்படை இடங்களில் உள்ள இலக்கங்களை இரட்டிப்பாக்குங்கள். ஈரிலக்கமாகிவிட்டால் அந்த இரண்டையும் கூட்டுங்கள். எல்லாவற்றையும் சேர்த்து வரும் தொகை அடுத்த பத்தின் மடங்கை எட்ட எவ்வளவு குறைகிறதோ அதுதான் 15ஆவது இலக்கம். எடுத்துக்காட்டாக 49015420323751 என்ற 14 இலக்கங்களுக்குத் தொகை 52. 60ஐ எட்ட 8 வேண்டும். ஆக முழு எண் 490154203237518. இப்போது கடைசி 8ஐ 7 என்று மாற்றி நிரலிடம் கொடுங்கள். கவனமாக எழுதப்பட்ட நிரல் "தவறான எண்" என்று மறுக்கும். எதைக் கொடுத்தாலும் சிரித்த முகத்தோடு குறியீட்டை நீட்டும் நிரல்மேல் எனக்குச் சந்தேகம் வரும். இதே கணக்கு உங்களுக்கும் உதவும். தேய்ந்துபோன ஒட்டுத்தாளிலிருந்து 3ஐ 8 என்று படித்திருந்தால் இது காட்டிக்கொடுத்துவிடும். முடிந்தவரை ஒட்டுத்தாளை நம்பாமல் *#06# தட்டித் திரையில் வரும் எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். பழுதுபார்க்கும்போது உறை மாற்றப்பட்ட கைப்பேசிகளில் ஒட்டுத்தாளில் உள்ளது வேறொரு கருவியின் எண்ணாக இருப்பதுண்டு.

கணினிக்கு ஆபத்து உண்டா என்றால், உண்டு, அதுவும் கணிசமாக. நச்சு நிரல் பரப்புகிறவர்களுக்கு இந்தத் துறை வசதியானது. இத்தகைய நிரல்களில் நல்லவற்றைக்கூட வைரஸ் தடுப்பு மென்பொருள்கள் சில சமயம் தவறாகத் தடுப்பதால், "தடுப்பை அணைத்துவிட்டு ஓட்டவும்" என்ற குறிப்பு இயல்பானதாகத் தோன்றிவிடுகிறது. அந்தக் குறிப்பை நம்பி அணைப்பவரின் கணினியில்தான் வங்கிக் கடவுச்சொல் திருடும் நிரல் குடியேறுகிறது. கடவுச்சொல் போட்டுச் சுருக்கிய கோப்பாகக் கொடுப்பதற்கும் காரணம் இருக்கிறது. கடவுச்சொல் தெரியாமல் தடுப்பு மென்பொருளால் உள்ளே பார்க்க முடியாது. வங்கிக் கணக்கு பார்க்கும் கணினியில் இவற்றைத் திறக்கவே கூடாது. பழைய மடிக்கணினி ஒன்று இருந்தால், இணையம் இல்லாமல் அதில் ஓட்டுங்கள். அதைவிட நல்லது, மூலநிரலைக் கண்ணால் படிக்கக்கூடிய வடிவத்தில் தேடுவது. ஹுவாவெய் முதல் சூத்திரம் பைத்தான் நிரல்மொழியில் சில வரிகளுக்குள் அடங்கிவிடும். ஓர் உலாவிப் பக்கமாகச் சேமித்து, இணைப்பைத் துண்டித்துவிட்டு ஓட்டக்கூடிய ஜாவாஸ்கிரிப்ட் வடிவங்களும் உண்டு. கல்லூரியில் கணினி படிக்கும் பிள்ளை யாராவது வீட்டில் இருந்தால் அவரிடம் காட்டுங்கள். என்ன செய்கிறது என்று படித்துச் சொல்லிவிடுவார்.

எல்லாவற்றையும்விட நீங்கள் காப்பாற்ற வேண்டியது கருவிக்குள் இருக்கும் முயற்சிக் கணக்கை. எத்தனை முறை தவறான குறியீடு கொடுக்கப்பட்டது என்று கருவி எண்ணிக்கொண்டே இருக்கிறது. நோக்கியா டிசிடி4இல் 5 முறை. ஹுவாவெய் மோடத்தில் 10 முறை. அந்த எண்ணிக்கை தீர்ந்தபின் சரியான குறியீட்டைக் கொடுத்தாலும் ஏற்காது. சிம்மை மாற்றினாலோ பேட்டரியைக் கழற்றினாலோ எண்ணிக்கை பழைய நிலைக்குத் திரும்பாது. இதைத் தெரியாமல் நாலைந்து நிரல்கள் கொடுத்த நாலைந்து எண்களையும் வரிசையாகத் தட்டிவிட்டுப் பிறகு கடைக்குக் கொண்டுவருகிறார்கள். நல்ல கருவி, ஐந்து நிமிட வேலை, ஆனால் அதற்குள் வாசல் அடைபட்டிருக்கும். பிறகு கேபிள் போட்டு, பாக்ஸ் என்று நாங்கள் சொல்லும் தனிக் கருவியை வைத்துத்தான் செய்யவேண்டும். அந்தப் பழைய பாக்ஸ்களைப் பெரும்பாலான கடைகள் எப்போதோ தூக்கிப் போட்டுவிட்டன. தற்செயலாகப் பொருந்திவிடும் என்ற நம்பிக்கைக்கும் இடமில்லை. எந்த 8 இலக்க எண்ணாகவும் இருக்கலாம் என்று கொண்டால், 10 வாய்ப்புகளுக்கு ஒரு கோடியில் ஒன்றுதான்.

மோடத்தில் மிச்சம் எத்தனை என்று முன்கூட்டியே பார்க்கலாம். மோடத்தோடு கணினியிலிருந்து பேசும் கட்டளை வரிசையில் கார்ட்லாக் என்ற கட்டளையைக் கேள்விக்குறியோடு அனுப்பினால் மூன்று எண்கள் திரும்பி வரும். முதல் எண் 1 என்றால் பூட்டியிருக்கிறது, 2 என்றால் திறந்திருக்கிறது, 3 என்றால் நிரந்தரமாக அடைபட்டுவிட்டது. இரண்டாவது எண்தான் மிச்சமுள்ள முயற்சிகள். அது 10 என்றிருந்தால் யாரும் இதுவரை கைவைக்கவில்லை. இன்னொன்று, ஹுவாவெய் கால்குலேட்டர்கள் இரண்டு குறியீடுகளைத் தரும். ஒன்று சிம் பூட்டைத் திறக்க, மற்றொன்று உள்மென்பொருளை மாற்றும்போது கேட்கப்படுவது. உங்களுக்கு வேண்டியது முதலாவது மட்டும்.

நோக்கியா 6610க்குச் செய்யவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். நிரலில் ஐஎம்இஐயும் 234, 33 என்ற எண்களும் கொடுங்கள். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். இப்போது போட விரும்பும் சிம்மின் நிறுவனத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். கேட்பது பூட்டிய நிறுவனத்தை. 502 என்று தொடங்கினால் வரும் விடை எதற்கும் உதவாது. நிரல் ஏழு குறியீடுகள் தரும். ஒவ்வொன்றும் சதுரக் குறியில் (#) தொடங்கி, பி, டபிள்யூ எழுத்துகளும் ஒரு கூட்டல் குறியும் தாண்டி, 15 இலக்கங்களும் மீண்டும் ஒரு கூட்டல் குறியும் 1 முதல் 7 வரை ஏதேனும் ஓர் எண்ணும் வந்து, சதுரக் குறியில் முடியும். ஏழு குறியீடு வந்துவிட்டது என்று ஏழையும் தட்டாதீர்கள். உங்களுக்கு இருப்பது ஐந்து வாய்ப்பு. அந்த ஏழும் வெவ்வேறு வகைப் பூட்டுகளுக்கானவை. 1 என்று முடிவது நிறுவனப் பூட்டுக்கு, 7 என்று முடிவது எல்லாவற்றையும் ஒன்றாகத் திறக்க. 7இல் முடிவதைத்தான் நான் முதலில் போடுவேன். சிம்மைக் கழற்றிவிட்டுக் கைப்பேசியை இயக்கி, நட்சத்திரப் பொத்தானை இருமுறை தட்டினால் கூட்டல் குறி, மும்முறை தட்டினால் பி, நான்கு முறை தட்டினால் டபிள்யூ வரும். அவசரப்படாமல், பக்கத்தில் ஒருவரை எண்ணை வாசிக்கச் சொல்லி உள்ளிடுங்கள்.

இந்த ஒரு கருவிக்குக் கால்குலேட்டரைத் தவிர வேறு நல்ல வழி கிடையாது என்பதையும் சொல்ல வேண்டும். பிரிட்டனில் ஆரஞ்ச் 2010இல் டி-மொபைலோடு இணைந்தது. அந்தப் பெயரில் இன்று அங்கே கைப்பேசிச் சேவை இல்லை. 2002ஆம் ஆண்டு மாதிரி ஒன்றின் குறியீட்டை யாரிடம் போய்க் கேட்பது? நிறுவனங்கள் மறைந்த பிறகும் பொருள் பழுதில்லாமல் இருக்கிறது. யாரோ ஊதியம் வாங்காமல் எழுதிப் போட்ட சில வரிச் சூத்திரம்தான் அதைக் குப்பைத்தொட்டியிலிருந்து காப்பாற்றுகிறது. நல்ல கால்குலேட்டர்களை நான் பத்திரமாகச் சேமித்து வைத்திருப்பதற்குக் காரணம் இதுதான். 6610 கைப்பேசி 900, 1800 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளில் இயங்குவதால் இங்குள்ள 2ஜி சேவையில் பேசவும் குறுஞ்செய்தி அனுப்பவும் முடியும். மாமாவிடம் கொடுத்துப் பாருங்கள், மகிழ்ச்சியடைவார். அமெரிக்கச் சந்தைக்கென்று 850, 1900 அலைவரிசைகளில் மட்டும் செய்யப்பட்ட பழைய நோக்கியாக்கள் கிடைத்தால் அவற்றுக்காகப் பாடுபட வேண்டாம். பூட்டைத் திறந்தாலும் மலேசியாவில் சிக்னல் கிடைக்காது.

இ1550 விஷயம் வேறு. அது 3ஜி மோடம். மலேசியாவில் 2021 முடிவோடு 3ஜி சேவையை நிறுத்திவிட்டார்கள். ஆகவே பூட்டைத் திறந்தாலும் அது 2ஜி வேகத்துக்குத்தான் இறங்கும். ஒரு செய்திப் பக்கம் திறப்பதற்குள் பொறுமை போய்விடும். கற்றுக்கொள்வதற்காகத் திறந்து பாருங்கள், இணையத்துக்காக என்றால் வேண்டாம்.

ஐபோனுக்கு வழி அக்காவிடம் இருக்கிறது. வாங்கிய நிறுவனத்திடம் அவரே கேட்கவேண்டும். அமெரிக்காவில் 2014 ஆகஸ்டில் கையெழுத்தான சட்டம் வாடிக்கையாளர் தம் கைப்பேசியின் பூட்டைத் திறந்துகொள்வதைச் சட்டப்படி சரியென்று ஆக்கியது. தவணை முழுவதும் கட்டி முடித்து, கணக்கில் பாக்கி இல்லாமல் இருந்தால் பெரும்பாலும் கட்டணம் இல்லாமலே செய்துகொடுப்பார்கள். தவணை பாக்கி இருந்தாலோ, காணாமற்போனதாகப் புகார் கொடுக்கப்பட்டிருந்தாலோ நடக்காது. நடக்கவும் கூடாது. சிம்முக்கு அடியில் மெல்லிய சிப் ஒன்றை வைத்து ஏமாற்றும் முறையைச் சிலர் பரிந்துரைப்பார்கள். ஆப்பிள் ஒரு புதுப்பிப்பு வெளியிட்டதும் அது நின்றுவிடும். நம்பி வாங்கியவர்கள்தான் திரும்பத் திரும்பச் செலவழிக்கிறார்கள்.

மற்ற நாடுகளிலிருந்து கைப்பேசி வரவழைப்பவர்களுக்கும் இது உதவும். கனடாவில் 2017 டிசம்பர் 1 முதல் கைப்பேசிகளைப் பூட்டாமல்தான் விற்கவேண்டும், பழையவற்றையும் கட்டணமின்றித் திறந்து கொடுக்கவேண்டும். ஜப்பானில் 2021 அக்டோபரிலிருந்து சிம் பூட்டு கொள்கையளவில் தடைசெய்யப்பட்டிருக்கிறது. பிரிட்டனில் அதே ஆண்டு டிசம்பரிலிருந்து பூட்டிய கைப்பேசியை விற்கக்கூடாது. ஆகவே இந்த நாடுகளின் புதிய கருவி ஒன்று பூட்டியிருக்கிறது என்று யாராவது சொன்னால், அது உண்மையாகவே சிம் பூட்டா, வேறு சிக்கலா என்று முதலில் பார்க்கவேண்டும்.

சட்டத்தைப் பற்றிக் கேட்பவர்களுக்கு நான் சொல்வது: சொந்தப் பொருளாக, ஒப்பந்தம் முடிந்ததாக, வாங்கிய ரசீதோ கொடுத்தவரின் பெயரோ சொல்லக்கூடியதாக இருக்கட்டும். ஐஎம்இஐயை மாற்றித் தருகிறேன் என்று எந்தக் கடைக்காரராவது சொன்னால் கைப்பேசியை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். பிரிட்டனில் 2002ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அதைக் குற்றமாகவே அறிவித்திருக்கிறது. சிம் பூட்டைத் திறக்க ஐஎம்இஐயை மாற்றவேண்டிய தேவையே கிடையாது.

பினாங்கில் கொம்தார் பக்கம், பிராங்கின் மாலில் வரிசையாகக் கைப்பேசிக் கடைகள் இருக்கின்றன. கடைக்கே கொண்டுபோவது என்று முடிவு செய்தால் கருவியைக் கொடுக்கும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். குறியீட்டால் திறப்பீர்களா, கேபிளாலா, சர்வர் வழியாகவா? குறியீடு என்றால் மிச்சமுள்ள முயற்சிகளில் எத்தனையைச் செலவழிப்பீர்கள்? திறக்காவிட்டால் பணம் உண்டா, இல்லையா? விவரம் தெரிந்தவர் முதல் கேள்விக்குக் கருவியின் மாதிரியைப் பார்த்த உடனே பதில் சொல்வார். "வைத்துவிட்டுப் போங்கள், பார்க்கலாம்" என்று மட்டும் சொல்பவரிடம் விட்டுவிட்டு வராதீர்கள். நோக்கியாவின் ஐஎம்இஐயையும் அதன் முயற்சிக் கணக்கில் ஏற்கெனவே யாராவது கைவைத்தார்களா என்பதையும் மாமாவிடம் கேட்டுக் குறித்துக்கொண்டு வந்தீர்களானால், அடுத்து எந்தக் கால்குலேட்டர் என்பதை மாதிரியைப் பார்த்து நானே சொல்கிறேன்.